புதுச்சேரியின் மரபு விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: உங்கள் வரைபடம் வாய்க்காலோடு நின்றுவிடுகிறது

பெருமதிப்பிற்குரிய விடுதி உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். கடற்கரைச் சாலைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் இடையே உள்ள பழைய பிரெஞ்சு வீடுகளையும், வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழ் வீடுகளையும் செப்பனிட்டு, அவற்றில் விருந்தினரைத் தங்கவைத்துத் தொழில் நடத்தும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். நான் உங்கள் தொழிலைச் சேர்ந்தவன் அல்லன். பல ஆண்டுகளாக உங்கள் விடுதிகளில் காசு கொடுத்துத் தங்கிவருபவன், வெளியூர் உறவினரையும் நண்பர்களையும் அங்கே அழைத்து வருபவன் என்பதைத் தவிர வேறு உரிமை எனக்கு இல்லை. சொல்ல வந்தது ஒன்றுதான். புதுச்சேரியைக் கடலோரத்து நாலைந்து வீதிகளாகச் சுருக்கி விற்பதை நிறுத்துங்கள்; வருகிறவர்களை இன்னும் ஓரிரு இரவுகள் கூடுதலாகத் தங்கவைத்து, ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் அனுப்பிவையுங்கள்.

அறைச் சாவியோடு உங்களில் பலர் கையடக்கமான வரைபடம் ஒன்றைத் தருகிறீர்கள். அண்மையில் தங்கிய இடத்தில் எனக்குக் கிடைத்ததில், கிழக்கே கடல் நீல நிறத்தில் இருந்தது; துய்மா வீதியிலும் ரொமேன் ரோலான் வீதியிலும் இருக்கும் ஒவ்வொரு காபிக் கடைக்கும் ஒரு கோப்பைப் படம் போடப்பட்டிருந்தது; புகைப்படம் எடுக்கத் தோதான மஞ்சள் சுவர்களுக்குக்கூடக் குறியீடு இருந்தது. வாய்க்காலைத் தாண்டியதும் தாள் வெறும் சாம்பல் நிறமாகி, மேற்கு நோக்கிய ஓர் அம்புக்குறியும் 'பேருந்து நிலையம்' என்ற சொல்லும் மட்டும் மிஞ்சின. அந்தச் சாம்பல் நிறத்துக்குள்தான் சம்பா கோயில் எனப்படும் கத்தோலிக்கப் பேராலயமும், பெரிய மார்க்கெட்டும், 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்த பாரதியின் நினைவில்லமும், பாரதிதாசனின் வீடும், ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இருக்கின்றன. அங்கே ஒன்றும் இல்லை என்று நீங்கள் வாயால் சொல்லவில்லை. வரைபடம் உங்களுக்காகச் சொல்லிவிடுகிறது.

விருந்தினர் உங்களிடம் கேட்பது பிரெஞ்சு நகரத்தைத்தானே என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்தப் பிரெஞ்சு நகரத்தின் கதையையாவது முழுதாகச் சொல்லலாமே. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் இங்கே 1674-இல் காலூன்றினார். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். நேர்கோடாக ஓடி ஒன்றையொன்று வெட்டும் வீதிகளுக்கான திட்டத்தை வரைந்தவர்கள் அவர்கள்தாம். பிரெஞ்சு அழகு என்று நீங்கள் விளம்பரப்படுத்தும் ஒழுங்கின் அடிக்கோடு டச்சுக்காரர் இழுத்தது. பிறகு 1761-இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டுப் பிடித்து, கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் வெள்ளை நகரம் 1765-க்குப் பிறகு எழுந்தது. ஆகவே, 'முந்நூறு ஆண்டுப் பழமையான பிரெஞ்சு மாளிகை' என்று இணையத்தில் யாரேனும் எழுதியிருந்தால், அதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டைப் பற்றித் தனியாகவே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும், இருந்த அவர், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வரவு, துணிக் கொள்முதல், ஆளுநரின் கோபம், விலைவாசி, ஊர் வம்பு என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், ஊர்ப் பெரியவர்கள் அதைத் தடுக்க முடியாமல் தவித்ததையும் அதில் படிக்கும்போது, வாய்க்காலுக்குக் கிழக்கே நடந்த ஆட்சி மேற்கே எப்படி உணரப்பட்டது என்பது தெரிகிறது. நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் இறந்துபோனார். பதினெட்டாம் நூற்றாண்டுக் குடியேற்ற நகரம் ஒன்றை உள்ளூர்க்காரர் தம் மொழியிலேயே இவ்வளவு விரிவாகப் பதிவு செய்திருப்பது எளிதில் கிடைக்கிற பேறு அல்ல. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிற தமிழ் விருந்தினரின் அறையில் அந்த நாட்குறிப்பின் ஒரு தொகுதியை வைத்திருக்கும் விடுதி எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. பிரெஞ்சு நறுமண மெழுகுவத்தி மட்டும் தவறாமல் இருக்கிறது.

தமிழ் வீடுகளை விடுதியாக்கியிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். புதுச்சேரித் தமிழ் வீட்டின் தனித்தன்மை முற்றத்தில் மட்டும் இல்லை, தெருவோரத்திலும் இருக்கிறது. கதவுக்கு முன்னால் திண்ணை, அதற்கும் வெளியே மரக்கால்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பாகிய தாழ்வாரம் என்று இரண்டு படிநிலைகள் உண்டு. வீட்டுக்காரருக்கும் தெருவுக்கும் பொதுவான இடம் அது; வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்கலாம், அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து பேசலாம். ஒரு வீட்டுத் தாழ்வாரம் அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தோடு தொடர்ந்து போனபோது தெரு முழுவதும் நிழலாக இருந்தது. வைசியாள் வீதியில் அந்த வரிசையை மறுபடியும் கட்டியெழுப்பிக் காட்டியதும், அம்முயற்சிக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்ததும் உங்களுக்குத் தெரிந்தவையே. கீழ்த்தளம் தமிழ்ப் பாணியிலும் மேல்தளம் பிரெஞ்சுப் பாணியிலும் அமைந்த வீடுகள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. கீழே மரத்தூண்களும் திண்ணையும், மேலே வளைவுச் சன்னல்களும் சுதைத் தூண்களும். இப்படியிருக்க, விடுதியாக மாறும்போது சிலர் தாழ்வாரத்தைக் கண்ணாடி போட்டு அடைத்து, குளிர்சாதனம் வைத்து, வரவேற்பு அறையாக்கிவிடுகிறார்கள். உள்ளே முற்றத்தை மெருகேற்றிவிட்டு வெளியே தெருவின் நிழலை எடுத்துக்கொள்வதை மரபுப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேற்கே அனுப்பினால் விருந்தினர் பிரெஞ்சை இழந்துவிடுவார்கள் என்ற அச்சமும் வேண்டாம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் சொல்தாக்களின் குடும்பங்களும், 1881-ஆம் ஆண்டின் ஆணைப்படி தங்கள் சாதி சமய வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தோரும் வாய்க்காலுக்கு மேற்கேதான் மிகுதி. வீட்டில் புழங்குகிற பிரெஞ்சு மொழியைக் கேட்க வேண்டுமானால், உணவகத்துப் பட்டியலைவிட அந்தத் தெருக்களே மேல். இன்னொரு பக்கமும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து அடிமைகள் மொரிசியசுக்கு ஏற்றப்பட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகள் ரெயூனியோன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் போனார்கள். 1936 சூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். எட்டு மணிநேர வேலைச் சட்டம் அதன் பிறகுதான் வந்தது. தேன்நிலவுக்கு வந்தவர்களிடம் இதையெல்லாம் ஓதச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தை வெறும் ஒயின், ரொட்டி, காகிதப்பூக் கொடி என்று மட்டுமே காட்டும் விளம்பரத்தை, அந்தக் கப்பல்களில் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் படிக்கிறார்கள். தீவுகளிலிருந்து பூர்வீகம் தேடி வந்து உங்கள் அறைகளில் தங்கவும் செய்கிறார்கள்.

இனி ஊருக்கு வெளியே. இந்த நகரம் தானாக முளைத்ததன்று; சுற்றியிருந்த நாட்டுப்புறத்தின் நெசவும் சாயமும் நெல்லுமே அதைத் தாங்கின. சுற்றுப்புறத்தைப் பார்க்காமல் கடற்கரைச் சாலையை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர், கதவைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறார்.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருந்த பழங்காலத் துறைமுக ஊரான அரிக்கமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாசலிலிருந்து ஆட்டோவில் அரை மணிக்குள் போய்விடலாம். 1769-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, அன்று காலை மேகம் மூடிக்கொண்டதால் ஏமாந்துபோன லெ ழாந்தீல் என்ற வானியலாளர், அந்த ஆற்றங்கரையில் கிடந்த பழைய செங்கற்களைக் கவனித்து எழுதிவைத்தார். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். இத்தாலியில் செய்யப்பட்ட அரிட்டைன் மட்பாண்ட ஓடுகளின் காலம் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அவற்றோடு ஒரே அடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பாண்டங்களின் காலத்தையும் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்குக் கிடைத்த முதல் உறுதியான காலக்குறிகளில் அது ஒன்று. பின்னர் கசாலும், 1989 முதல் விமலா பெக்லியும் தோண்டியதில், ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்தார்கள் என்பதும், கண்ணாடி மணிகளும் கல் மணிகளும் செய்யும் பட்டறை ஊராக அது நெடுங்காலம் விளங்கியது என்பதும் தெரியவந்தன.

உண்மையைச் சொன்னால், இன்று அங்கே போகிறவருக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சும். மாந்தோப்பு, அரியாங்குப்பம் ஆறு, பாதி இடிந்த செங்கற் சுவர். அந்தச் சுவரும் ரோமானியரது அன்று, பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடத்தினது. அதனால்தான் போகும் முறையை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறேன். முதலில் செயின்ட் லூயி வீதியில் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். அங்கே தட்டுகளின் உட்புறத்தில் பற்சக்கரத்தை உருட்டியதுபோல நுண்புள்ளிகள் வளையம் வளையமாகப் பதிந்திருப்பதையும், ஒயினும் எண்ணெயும் வந்த கூர் அடிச் சாடிகளின் துண்டுகளையும், மணிகளையும் கண்ணில் வாங்கிக்கொண்ட பிறகு ஆற்றங்கரைக்குப் போனால், மழைக்குப் பிறகு கரை சரிந்த இடத்தில் தலைநீட்டும் செந்நிற ஓடு வெறும் ஓடாகத் தெரியாது. எதையும் பொறுக்கி எடுத்து வரக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். அது தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இடம். அருகிலேயே வீராம்பட்டினம் இருக்கிறது. அங்கே செங்கழுநீரம்மன் ஆடித் தேரைப் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் கையில் தொடர்கிறது. ஆட்சி மாறியும் அம்மன் தேருக்கு ஆளுநர் வந்தாக வேண்டும் என்பதில் மீனவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

செஞ்சிக்கு ஒரு முழு நாள் வேண்டும். தொலைவு 70 கிலோமீட்டர் அளவில் இருக்கும். தேசிங்கு ராஜன் கதை கேட்டு வளர்ந்த தமிழருக்கு அந்தக் கோட்டையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது புதுச்சேரிக் கதையின் ஓர் அத்தியாயமும் ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. 1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் அதைப் பிடித்தது. 1761 வரை பிரெஞ்சுக் கொடியே அங்கே பறந்தது. உங்கள் விருந்தினர் மாலையில் சாய்ந்து நின்று படமெடுத்துக்கொள்ளும் காந்தி சிலையைச் சுற்றியுள்ள உயர்ந்த கற்றூண்கள், செஞ்சி வேங்கடரமணர் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று சொல்லப்படுகிறது. ராஜகிரியின் உச்சி ஏறத்தாழ 800 அடி உயரம். மேலே சேருமுன் பாறைப் பிளவு ஒன்றைச் சிறு பாலத்தால் கடக்க வேண்டும். மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் 2025-இல் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றபின் கூட்டம் கூடியிருக்கிறது. வெயில் ஏறுமுன் மலையேறிவிட வேண்டும். அதாவது புதுச்சேரியிலிருந்து விடியுமுன் கிளம்ப வேண்டும். காலைச் சிற்றுண்டி எட்டு மணிக்கு முன் கிடையாது என்று சொல்லும் உங்கள் சமையலறைகள் இங்கேதான் குறுக்கே நிற்கின்றன. நாலு இட்லியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் போதும்.

திருவக்கரை வடமேற்கே அரை நாள் பயணம். பௌர்ணமி தோறும் வக்ரகாளியம்மனுக்குக் கூட்டம் சேரும் அதே ஊரில், கல்லாகிப்போன மரங்கள் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளாகக் கிடக்கின்றன. வேரும் கிளையும் இல்லாத அடிமரங்களாக அவை கிடப்பதைப் பார்த்தால், வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் உருண்டு வந்தவை என்று புரியும். ஆண்டு வளையத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்பது என் கருத்து. தெற்கே பாகூரில் மூலநாதர் கோயிலும் பெரிய ஏரியும் உண்டு; நிருபதுங்க பல்லவன் காலத்தில் அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்களைக் கொடையாகத் தந்த செப்பேடு அவ்வூரின் பெயரால் வழங்குகிறது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலையும் மாதா கோயிலையும் ஒரே காலையில் பார்த்துவிட்டு, அப்படியே மேற்கே கீழூருக்குப் போகலாம். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். பிரெஞ்சு நகரத்தின் கதை முடிந்த இடம் அந்தச் சிற்றூர்; அங்குள்ள நினைவுத்தூணைப் பார்க்க உங்கள் விருந்தினர் எவரும் போவதாகத் தெரியவில்லை. பறவைகளுக்கு ஊசுடு ஏரியும், வடக்கே கழுவேலி ஏரியும் இருக்கின்றன; மார்கழி, தை ஏற்ற மாதங்கள். மரக்காணம் தாண்டிப் போனால் ஆலம்பரைக் கோட்டை. ஆரோவில்லைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நீங்கள் சொல்லாமலே போகிறார்கள்.

இவற்றையெல்லாம் ஓர் இரவில் பார்க்க முடியாது என்பதே என் வாதம். சனிக்கிழமை மதியம் வந்து ஞாயிறு மதியம் கிளம்புகிறவரை நம்பித்தான் உங்கள் கணக்கு ஓடுகிறது. அதன் விளைவை நீங்களும் அனுபவிக்கிறீர்கள்: வார இறுதியில் வண்டி நிறுத்த இடமில்லை, தெருவாசிகளுக்குத் தூக்கமில்லை, செவ்வாய்க்கிழமை பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. வார நாட்களில் மூன்று இரவு தங்குவோருக்குச் சலுகை கொடுங்கள்; அந்தச் சலுகையோடு ஒரு நாளுக்கு அரிக்கமேடு, ஒரு நாளுக்குச் செஞ்சி என்று வழியும் சொல்லுங்கள். கடற்கரையும் மதுவும் போதும் என்று வருகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் நாள் என்ன செய்வது என்று உங்கள் வரவேற்பு மேசையில் வந்து கேட்டு, "அவ்வளவுதான் சார், பார்த்தாச்சு" என்ற பதிலோடு அறையைக் காலி செய்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

வழிகாட்டிகளை அந்தந்த ஊரிலிருந்தே எடுங்கள். பாகூர் ஏரியைப் பற்றி அந்த ஏரிப் பாசனத்தில் பயிர் செய்கிறவரும், வீராம்பட்டினத் தேரைப் பற்றி அவ்வூர் இளைஞரும் சொல்வது, மனப்பாடம் செய்த ஆங்கில உரையைவிடப் பல மடங்கு மேல். அவர்களுக்கு உரிய கூலியை அறை வாடகையோடு சேர்த்து வாங்கி, அன்றே முழுதாகக் கொடுத்துவிடுங்கள். விருந்தினர் விரும்பியதைத் தருவார் என்று விட்டுவிட வேண்டாம்.

கடைசியாக வண்டி ஓட்டுநர்கள். புதுச்சேரி எல்லை துண்டு துண்டாகக் கிடப்பதால், சுற்றுப்புறம் போகிற வாடகை வண்டி தமிழ்நாட்டுக்குள் போய் வந்தே ஆக வேண்டும். பேருந்தை மட்டும் நம்பி ஒரே நாளில் இரண்டு இடம் பார்ப்பது கடினம். ஆகவே நான் சொல்வதெல்லாம் ஓட்டுநரை நம்பித்தான் நடக்கும். வெளியூரிலிருந்து விருந்தினரை ஏற்றிவரும் ஓட்டுநர்கள், உங்கள் விடுதிகள் பலவற்றில் தங்க இடம் இல்லாததால், வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, கொசுக்கடியில் இருக்கையிலேயே தூங்குகிறார்கள். விடிகாலை நாலரைக்குச் செஞ்சிக்குக் கிளம்ப வேண்டிய வண்டியை அப்படித் தூங்கியவர் ஓட்டுவது யாருக்கும் நல்லதன்று. தனித்தனியாக முடியாவிட்டால், நாலைந்து விடுதிகள் சேர்ந்து மேற்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கட்டில், மின்விசிறி, கழிப்பறை, குளிக்கத் தண்ணீர் என்று ஏற்பாடு செய்யலாம். வரும் மழைக்காலம் முடிந்து கூட்டம் தொடங்குவதற்குள் இதை மட்டுமாவது செய்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விடுதிகளில் தங்கிவரும் ஒருவன்